கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முகம்

"நல்லம்பள்ளி நிற்காதும்மா!" என்றார் கண்டக்டர்.

சேலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் நான் கேட்கிற முதல் வாசகம் இதுதான். தருமபுரிக்குப் போகிற பஸ் எதுவானாலும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆனால் தாண்டுவதில் அவர்களுக்கு இருக்கிற உற்சாகம் நிற்பதில் இருப்பதில்லை. மூன்று பஸ்களைக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கை காட்டின இடத்தில் எல்லாம் நின்று போகிற ஒரு புண்ணியவானின் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன்.

மடியில் பை. பைக்குள் குறிப்புப் புத்தகம். அதற்குள் ஆசிரியர் கொடுத்த வேலை.

"விளம்பரத்துக்கு நின்ற பெண்கள் சினிமாவுக்கு வந்து நல்ல நடிகைகளாவதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். பெயர்களை அடுக்காதே. ஒருவரை மட்டும் எடுத்துக்கொள். வீட்டில் இருக்கிற பெண்கள் படித்துவிட்டு, 'அட, இது நம்ம விஷயமாச்சே!' என்று சொல்ல வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒருவரை எடுத்துக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. 'த்ரிஷா' என்று முதல் வரியில் எழுதிவிட்டேன். இரண்டாவது வரிதான் வரவில்லை. ஓர் அழகிப் போட்டியில் ஜெயித்துப் பெரிய நட்சத்திரமானவரின் கதையில், அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு என்ன 'நம்ம விஷயம்' இருக்க முடியும்?

தொப்பூர் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறியது. சாலையோரம் பிரம்மாண்டமான ஒரு விளம்பரப் பலகை. யாரோ ஒரு பெண் கழுத்து நிறைய நகையைப் போட்டுக்கொண்டு, லாரிகளையும் குரங்குகளையும் ஒரே மாதிரி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

என் இரண்டாவது வரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்பொழுது எனக்குத் தெரியாது.

*

"போனில் சொல்கிற விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்" என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். வாசற்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது, வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது என்று. அம்மா திண்ணையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கடலை உடைகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, ஒரே பத்திரிகைப் பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் நிலைக்கதவில் சாய்ந்தபடி நின்றாள். கண் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பி.காம். இரண்டாம் வருஷம். சேலத்தில் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவளை ஒரு புடவைக் கடையின் போட்டோக்காரர் பார்த்திருக்கிறார். தீபாவளி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும், ஒரு நாள் வேலை, பதினைந்தாயிரம் ரூபாய் என்று கடையிலிருந்து ஓர் அம்மாள் மாமாவிடமே மரியாதையாகப் பேசி அனுமதி கேட்டிருக்கிறார்.

"பதினஞ்சாயிரத்துக்கு மூஞ்சியை விக்கிறதா?" என்று அம்மா ஆரம்பித்தாள். "தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இவ படம் தொங்கும். போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்ப்பான். நாளைக்கு எவங்க வந்து பொண்ணு கேப்பாங்க?"

"இப்பல்லாம் அப்படி இல்ல ஆயா..." என்று இழுத்தாள் பெண்.

"உனக்குத் தெரியாது கண்ணு."

மாமா பத்திரிகையைக் கீழே வைத்தார். "நீ பத்திரிகைக்காரி. சினிமாக்காரங்களைப் பத்தி எழுதறவ. நீ என்ன சொல்றியோ அதான் முடிவு" என்றார் என்னைப் பார்த்து.

மாமா கெட்டிக்காரர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி விழும் என்று தெரிந்த இடத்தில், நடுவில் என்னை நிறுத்திவிட்டு மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

பெண் அதற்குள் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டாள். "சின்னம்மா! த்ரிஷா பத்தியா எழுதறீங்க? அவங்களும் இப்படித்தானே ஆரம்பிச்சாங்க? ஆயாகிட்ட சொல்லுங்களேன்!"

அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அடுக்களையில் களி கிளறிக்கொண்டிருந்தாள்.

*

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் சொன்னேன். ஆமாம், த்ரிஷா அப்படித்தான் ஆரம்பித்தார். அதுவும் நம் பக்கத்து ஊரிலிருந்துதான் ஆரம்பம். 1999-ல் அவருக்குக் கிடைத்த பட்டங்களில் ஒன்று 'மிஸ் சேலம்'. அதே வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி 'மிஸ் சென்னை' கிரீடம். வயது பதினாறு. 2001-ல் இந்திய அழகிப் போட்டியில் 'அழகான புன்னகை' என்று ஒரு தனிப் பரிசு. நடுவில் பத்திரிகை விளம்பரங்கள், டெலிவிஷன் விளம்பரங்கள், ஃபால்குனி பாதக் பாடிய ஓர் இந்திப் பாட்டுப் படம்.

"சினிமா?" என்றாள் அம்மா.

"அதுவும் 1999-லேயே. 'ஜோடி' படத்தில் சிம்ரனின் தோழிகளில் ஒருத்தியாக வந்தார்."

"பார்த்த ஞாபகம் இல்லையே!"

"யாருக்குமே இல்லை, அம்மா. அதுதான் விஷயம்."

அழகிப் போட்டியில் ஜெயித்த பெண், சினிமாவில் முதலில் நின்ற இடம் இன்னொரு நடிகையின் முதுகுக்குப் பின்னால். இருபது வருஷம் கழித்து 2019-ல் 'பேட்ட' வந்தபோது, ரஜினிகாந்துக்கு இரண்டு கதாநாயகிகள். ஒருவர் சிம்ரன். இன்னொருவர் அன்று பின்னால் நின்ற அதே தோழிப் பெண்.

"படிப்பை விட்டுட்டாளாக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

சென்னையில் சர்ச் பார்க் பள்ளிக்கூடமும் எத்திராஜ் கல்லூரியும் அவர் படித்த இடங்கள். குற்றவாளிகளின் மனத்தை ஆராய்கிற உளவியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்தது. படிப்புக் கெட்டுவிடும் என்று ஆரம்பத்தில் சினிமா வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு பிரியதர்ஷன் இயக்கிய 'லேசா லேசா'வுக்கு ஒப்புக்கொண்டார். அந்தப் படம் தாமதமாகிவிட்டது. அமீர் இயக்கி, சூர்யா நடித்த 'மௌனம் பேசியதே' 2002 டிசம்பரில் முந்திக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் 'சாமி'. அவ்வளவுதான், தமிழ்நாட்டுக்கு அந்த முகம் மனப்பாடமாகிவிட்டது.

"ஆக, போட்டோவுக்கு நின்னா சினிமாக்காரி ஆயிடலாம்னு சொல்றே" என்றாள் அம்மா, ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு.

அங்கேதான் எனக்கு ரோசம் வந்தது. "ஆக முடியாது என்றுதான் சொல்ல வந்தேன்!" என்றேன்.

*

வாசகிகளே, கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம். ஒரு காலத்தில் இந்தப் பாதை தலைகீழாக இருந்தது. நாடக மேடையிலோ நாட்டிய மேடையிலோ தேர்ந்தவர்கள் சினிமாவுக்கு வந்தார்கள். நாட்டியத்தில் பெயர் வாங்கிய வைஜயந்திமாலா 1949-ல் 'வாழ்க்கை'யில் வந்தது அப்படித்தான். சினிமாவில் புகழ் பெற்ற பிறகு சோப்பு விளம்பரத்தில் முகம் தெரியும். 1941-ல் லக்ஸ் சோப்புக்கு முதன்முதலாக வந்த இந்திய நடிகை லீலா சிட்னிஸ், அப்பொழுதே பேர் பெற்ற நட்சத்திரம். நடிப்பு முதலில், விளம்பரம் பிறகு.

பின்னால்தான் வரிசை மாறிற்று. ஜீனத் அமன் 1970-ல் ஆசிய பசிபிக் அழகிப் பட்டம் வாங்கிவிட்டு இந்திப் படங்களுக்குப் போனார். 1994-ல் உலக அழகியான ஐஸ்வர்யா ராயை 1997-ல் மணிரத்னம் 'இருவர்' படத்தில் நம் தமிழுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார். சிம்ரனும் மாடலாக இருந்து வந்தவர்தான்.

வந்தவர்கள் ஏராளம். நின்றவர்கள் கொஞ்சம். ஏன்?

விளம்பரத்துக்கு நிற்கிற பெண்ணின் வேலையை யோசித்துப் பாருங்கள். அவள் காமிராவை நேராகப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கக் கூடாது. இருந்தால் நாம் புடவையை விட்டுவிட்டுக் கதையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். கடைக்காரருக்கு நஷ்டம். சுருக்கமாகச் சொன்னால், பார்க்கப்படுவதுதான் அவள் உத்தியோகம்.

நடிகையின் வேலை நேர் எதிர். காமிரா இருப்பதையே அவள் மறந்தவள்போல் இருக்க வேண்டும். எதிரே நிற்கிறவரைப் பார்க்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டது மனத்துக்குள் போய் என்ன செய்தது என்பது முகத்தில் தெரிய வேண்டும். அதாவது, பார்க்கப்படுகிறவள் பார்க்கிறவளாக மாற வேண்டும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வராது. த்ரிஷாவுக்கும் வரவில்லை. கதாநாயகனோடு பாட்டுக்கு ஆடிவிட்டு, மூன்றாவது ரீலில் காணாமல் போகிற வேடங்களை அவரும் எத்தனையோ செய்திருக்கிறார். ஆனால் கிடைத்த இடத்தில் எல்லாம் ஏதோ கற்றுக்கொண்டே வந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. தெலுங்கில் 'வர்ஷம்', பிரபுதேவா இயக்கிய முதல் படமான 'நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா', செல்வராகவன் இயக்கிய 'ஆடவாரி மாடலகு அர்த்தாலே வேருலே' என்று 2004-க்கும் 2007-க்கும் நடுவில் மூன்று படங்களுக்கு ஃபிலிம்பேர் பரிசு வாங்கினார். அழகுக்குக் கொடுத்த கிரீடம் ஒரு ராத்திரியில் கிடைத்தது. நடிப்புக்குக் கொடுத்த முதல் பெரிய பரிசு வர அஞ்சு வருஷம் ஆயிற்று.

"எனக்கு ஒன்று விளங்கணும்னா பிரகாஷ்ராஜை வைத்துச் சொல்லு" என்றார் மாமா. அவருக்கு அந்த நடிகரிடம் தனி மோகம்.

பேஷாகச் சொல்லலாம். 2004-ல் தரணி இயக்கிய 'கில்லி'யில் பிரகாஷ்ராஜ், பெண்ணைத் துரத்துகிற முத்துப்பாண்டி. த்ரிஷா, உயிருக்குப் பயந்து ஓடுகிற மதுரைப் பெண் தனலட்சுமி. நாலே வருஷம் கழித்து, 2008-ல் ராதாமோகனின் 'அபியும் நானும்'. அதே பிரகாஷ்ராஜ் பாசத்தில் தவிக்கிற அப்பா. த்ரிஷா அவருக்குச் செல்ல மகள். 'ஐயோ, முத்துப்பாண்டி!' என்று யாருக்காவது அந்தப் படத்தில் ஞாபகம் வந்ததா? வரவில்லை. ஏனென்றால் அவரைப் பார்க்கிற த்ரிஷாவின் கண் மாறிவிட்டது. அங்கே பயம், இங்கே உரிமை.

2010-ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா'. கௌதம் மேனனின் ஜெஸ்ஸி, வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நடுவில் கடைசி வரை அல்லாடுகிற பெண். 2016-ல் 'கொடி'. பதவிக்காகக் காதலனையே பலி கொடுக்கிற அரசியல்வாதி ருத்ரா. கதாநாயகிகள் பலரும் தொடத் தயங்குகிற வேடம் அது. 2018-ல் மலையாளத்தில் 'ஹே ஜூட்'. அதில் சந்தோஷமும் துக்கமும் அளவு மீறி ஏறி இறங்குகிற மன நோயோடு போராடும் பெண்.

அதே 2018-ல்தான் '96'. பள்ளிக்கூட நினைவுகளை விட்டால் படத்தின் பெரும்பகுதி ஒரே ராத்திரி, ஏறக்குறைய ஒரே உடை. ஆட்டம் இல்லை, பாட்டம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பழைய சிநேகிதன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் ஜானகிக்குப் பாதி வேலை. அவன் பாடச் சொல்லிச் சொல்லி அவள் பாடாமல் இருந்த 'தளபதி' படத்துப் பாட்டை, விளக்கு அணைந்த ஒரு நேரத்தில் அவள் பாடுகிறாள்.

"அவ குரலா அது?" என்றாள் அம்மா சந்தேகத்தோடு.

"இல்லை. சின்மயியின் குரல். பேச்சுக் குரலும் அவருடையதுதான். 'விண்ணைத்தாண்டி வருவாயா'விலும் அப்படித்தான்."

"அப்புறம் என்ன நடிப்பு?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது முகம் ஒருத்தருடையது, குரல் ஒருத்தருடையது என்று நமக்குத் தோன்றவே இல்லையே! இரவல் குரல் தன் நெஞ்சிலிருந்தே வருவதுபோல் காட்டுவதும் ஒரு வித்தைதானே! அந்த ஜானகிக்கும் ஃபிலிம்பேர் பரிசு கிடைத்தது.

அம்மா மேலே ஒன்றும் சொல்லவில்லை. நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

எங்கள் அம்மாவிடம் ஒரு பொக்கிஷம் உண்டு. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', பின்னாளில் மறுபடியும் தொடராக வந்தபோது வாரா வாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து வைத்த கட்டுகள். ராமாயணத்துக்கு அடுத்தபடி அதுதான் அவளுக்கு வேதம். அதிலும் குந்தவை என்றால் உயிர். படம் வந்தபோது, "யாரைப் போட்டு என்ன பண்ணி வைச்சிருக்காங்களோ!" என்று முணுமுணுத்துக்கொண்டே தருமபுரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், "இளைய பிராட்டி இப்படித்தான் இருந்திருப்பா" என்று போனில் எனக்குச் சொன்னாள்.

"அம்மா, சதிக்காரச் சிற்றரசர்கள் கூடியிருக்கிற சபையில் குந்தவை நுழைந்து, சிரித்துக்கொண்டே அவர்களுக்குள் பிளவு உண்டாக்குவாளே, ஞாபகம் இருக்கிறதா?"

"இல்லாம என்ன?"

"அது 2001-ல் பரிசு வாங்கின அதே சிரிப்பு. அன்றைக்கு அது வெறும் அழகு. இன்றைக்கு அது கத்தி. சிரிப்பு மாறவில்லை, சிரிக்கிறவளுக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. இன்னொன்று கேள். குந்தவையும் மாடல், எதிரே நந்தினியாக நின்ற ஐஸ்வர்யா ராயும் மாடல். உன் குந்தவைக்கு அப்பா சுந்தர சோழர் யார் தெரியுமா? நம்ம மாமாவின் பிரகாஷ்ராஜ்தான்! முதல் பாகம் வெளியான தேதி 2022 செப்டம்பர் 30. 'மிஸ் சென்னை' கிரீடம் வைத்து, நாள் தப்பாமல் இருபத்து மூன்று வருஷம்."

அம்மா கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "அது வேறே, இது வேறே" என்று எழுந்து போய்விட்டாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

*

ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற சத்தம். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு காகித உறை.

"அந்த 1999-ன்னு சொன்னியே, எனக்கும் அப்போ பதினாறு வயசுதான்" என்றாள்.

வெட்கத்தோடு சொல்கிறேன், பகல் முழுக்க வருஷம் வருஷமாக ஒப்பித்த எனக்கு அது உறைக்கவில்லை. த்ரிஷா 1983 மே மாதம் பிறந்தவர். அக்காவும் 1983.

உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பதினாறு வயது அக்கா. இரட்டைப் பின்னல், தாவணி, தோளில் கனகாம்பரம்.

இந்தப் படத்தின் சரித்திரம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். அப்பொழுது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட விண்ணப்பத்துக்காகத் தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் அக்காவைப் படம் எடுத்தார்கள். சின்னப் படம் எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர் ஆசைப்பட்டுப் பெரிதாக ஒன்று எடுத்து, எங்களைக் கேட்காமலே வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிவிட்டார். ஊரில் யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மறுநாளே போய்ச் சண்டை போட்டுப் படத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் அக்காவுடன் அவர் பேசவில்லை. அவள் செய்த தப்பு என்ன என்று யாரும் சொல்லவும் இல்லை. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. 2004-ல் கல்யாணம்.

"கிழிச்சுப் போட்டுட்டார்னு இல்ல நினைச்சேன்!" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்பா போனப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோமில்ல? நிலத்துப் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவுல இருந்துச்சு. மடிப்புக்கூட விழாம வைச்சிருந்தார்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்பா கெட்டவரில்லை. பயந்தவர்.

"மத்தியானம் நீ சொன்னியே, பார்க்கப்படறவ, பார்க்கறவன்னு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" என்றாள் அக்கா. "என்னைப் பொண்ணு பார்க்க ஏழு பேர் வந்தாங்க. ஏழு தடவை புடவை கட்டி, பூ வைச்சு, தலையைக் குனிஞ்சு நின்னேன். அதுவும் விளம்பரந்தானே? காசு நாமதான் கொடுத்தோம், அதான் வித்தியாசம். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் யாரைப் பார்த்தேன்? உங்க மாமா முகத்தையே கல்யாணத்தன்னிக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்."

"மாமா நல்லவர்தானே?"

"நல்லவர்தான். ஆனா அது என் அதிர்ஷ்டம். நான் பார்த்து எடுத்த முடிவு இல்ல."

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் நானும் அவளும் தருமபுரியில் 'கில்லி' பார்த்தது ஞாபகம் வந்தது. தனலட்சுமி பஸ்ஸில் ஏறி ஓடுகிற கட்டத்தில் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சண்டைக் காட்சிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயது பதினைந்து. அதற்குமேல் புரியவில்லை.

"அப்படின்னா பாப்பா விஷயத்துல என்ன சொல்றே?" என்றேன்.

"போகட்டும். ஒரு நாள் நின்னு பார்க்கட்டும். ஆனா நானும் கூடப் போவேன். படிப்பு ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. பணம் அவ பேர்ல பேங்க்ல போடணும். அவ படம் எங்கே தொங்கும், எத்தனை நாள் தொங்கும்னு காகிதத்துல எழுதி வாங்கணும்" என்று விரல் விட்டு எண்ணினாள்.

இத்தனையும் எப்பொழுது யோசித்தாள்? களி கிளறும்போது போலிருக்கிறது.

மறுநாள் காலையில் காப்பியோடு தீர்ப்பு வாசிக்கப்பட்டது. வாசித்தவள் அக்கா. அம்மா எதிர்த்துப் பேச வாய் திறந்தாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பழைய படத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எத்தனை மணிக்குப் போகணும் சேலத்துக்கு?" என்று கேட்டாள்.

மாமா பத்திரிகையைத் திருப்பி, முதல் முறையாக அடுத்த பக்கத்துக்குப் போனார்.

*

படம் எடுத்த அன்று ராத்திரி பெண் எனக்குப் போன் செய்தாள். "சின்னம்மா, பதினோரு புடவை! காலையில ஆறு மணியிலிருந்து நிக்கிறேன். சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் வலிக்குது. இது லேசுப்பட்ட வேலை இல்ல!"

"நடிக்கப் போகிறாயா?"

"தெரியல, சின்னம்மா. முதல்ல பி.காம். முடிக்கிறேன். ஆனா ஒண்ணு. போட்டோ எடுக்கிற அண்ணாகிட்ட காமிராவைக் கேட்டு வாங்கி ஒரு தடவை பார்த்தேன். அம்மா ஓரமா உக்காந்து என்னையே பார்த்துட்டிருந்தாங்க. அப்படியே ஒரு படம் எடுத்தேன். உங்களுக்கு அனுப்பறேன், பாருங்க."

வந்தது. நாற்பது தாண்டிய அக்கா. காதோரம் நரை. காமிராவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டுரையை எழுதும்போது அந்தப் படம்தான் என் மேஜைமேல் இருந்தது. அழகிப் போட்டியிலிருந்து குந்தவை வரை வர த்ரிஷாவுக்கு இருபத்து மூன்று வருஷம் தேவைப்பட்டது. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வர எங்கள் அக்காவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் தருமபுரியில் பலகை ஏறிவிட்டது. மாமா ஸ்கூட்டரில் அம்மாவை உட்கார வைத்துக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாராம். அம்மா வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு, அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாளாம்.

"புடவை நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ கண்ணு புடவையிலேயே இல்லியே, எங்கேயோ பார்க்குதே!" என்றாளாம்.